விதைக்கும் வயலுக்கும் ஒரு சோதனை

சொந்த ஊரில் கமம் செய்யும் குடும்பத்துக்கு நிலம் ஒரு திறந்த புத்தகம். எந்த வரம்போரம் தண்ணீர் தேங்கும், எந்த மூலையில் உவர் ஏறும், எந்த நெல் எந்த மழையைத் தாங்கும் என்பதெல்லாம் பரம்பரையாகத் தெரிந்த விடயங்கள். இடம்பெயர்ந்து போன இடத்தில் குத்தகைக்கு எடுத்த வயல் அப்படியானதல்ல. பல வருடம் தரிசாகக் கிடந்து மீண்டும் கைக்கு வந்த சொந்த வயலும் ஏறக்குறையப் புதிய நிலந்தான். விதைநெல்லோ கடனாகவோ உதவியாகவோ சந்தையிலிருந்தோ வருகிறது. அதன் வயதும் அது கிடந்த களஞ்சியத்தின் நிலைமையும் எமக்குத் தெரியாது. ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்துக்குக் கையில் ஒன்றும் இராது.

இந்த நிலைமையில் ஆளுக்கொரு ஆலோசனை கிடைக்கும். ஒருவர் இந்த விதை நல்லது என்பார். இன்னொருவர் அந்தப் பசளை நல்லது என்பார். யாரை நம்புவது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஒழுங்கான வழியே ஆராய்ச்சி. அது படித்தவர்களின் தனிச்சொத்து அல்ல. நீதியாக ஒப்பிடுதல், கவனமாக எண்ணுதல், மறக்காமல் எழுதிவைத்தல் ஆகிய மூன்றுமே அதன் அடிப்படை. இப்பாடத்தில் இரண்டு முறைகளைப் பார்ப்போம். ஒன்று ஆய்வுகூட முறை. அதை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். மற்றது வயல் முறை. அதற்கு ஒரு பரப்புக் காணி போதும்.

1. விதையின் முளைதிறன்

1869ஆம் ஆண்டு ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள தாரண்ட் என்ற ஊரில் பிரெடெரிக் நொப்பே என்பவர் உலகின் முதலாவது விதைச் சோதனை நிலையத்தைத் தொடங்கினார். கமக்காரர் காசு கொடுத்து வாங்கிய விதைகளில் கலப்படமும் முளைக்காத விதையும் மலிந்திருந்த காலம் அது. 1924இல் சர்வதேச விதைச் சோதனைச் சங்கம் உருவாகியது. இன்று உலகெங்கும் விதை நிலையங்கள் கைக்கொள்ளும் விதிகள் இச்சங்கத்தின் விதிகளே. அவ்விதிகளின் சாரத்தை நாமும் பின்பற்றலாம்.

(அ) மாதிரி எடுத்தல்: சாக்கின் மேலே கிடக்கும் நெல்லை மட்டும் அள்ளக்கூடாது. ஒவ்வொரு சாக்கிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து ஒன்றாகக் கலந்து பரப்புங்கள். பரப்பியதை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை விலக்குங்கள். மிஞ்சியதைத் திரும்பவும் கலந்து பிரியுங்கள். சிறிய அளவு வரும்வரை இப்படியே செய்யுங்கள்.

(ஆ) எண்ணுதல்: சப்பியை நீக்கியபின் வரும் நெல்லை வந்தபடியே எண்ணி, நூறு நூறாக நான்கு கூறு வையுங்கள். கொழுத்த நெல்லாகப் பொறுக்கினால் சோதனை அங்கேயே கெட்டுப்போகும். சோதிக்க வேண்டியது சாக்கிலுள்ள விதையையே அன்றி எமது கண்ணின் திறமையை அல்ல.

(இ) முளைக்க வைத்தல்: நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் அல்லது பருத்தித் துணியில் பத்து வரிசையாகப் பத்துப் பத்து விதைகளை அடுக்குங்கள். மேலே இன்னொரு ஈரத்துணியை மூடி, தளர்வாகச் சுருட்டி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். நீரில் மூழ்கவிடாதீர்கள், காயவும் விடாதீர்கள்.

(ஈ) கணக்கெடுத்தல்: ஐந்தாம் நாள் ஒருமுறையும் பதினான்காம் நாள் இறுதியாகவும் எண்ணுங்கள். வேரும் குருத்தும் இரண்டும் நன்றாக வந்தவையே கணக்கு. வேர் மட்டும் வந்தது, குருத்து மட்டும் வந்தது, பூஞ்சணம் பிடித்து அழுகியது ஆகியவற்றை முளைத்ததாக எண்ணக்கூடாது. நான்கு கூறுகளின் சராசரியே முளைதிறன் வீதம்.

நானூறு விதை எதற்கு, இருபத்தைந்து போதாதா என்று கேட்கலாம். உண்மையில் 80 வீதம் முளைக்கக்கூடிய விதையை எடுத்துக்கொள்வோம். அதில் 25 விதையை மட்டும் சோதித்தால், வெறும் தற்செயலாலேயே 64 வீதம் என்றும் வரலாம், 96 வீதம் என்றும் வரலாம். நூறு விதை சோதித்தால் பெரும்பாலும் 72க்கும் 88க்கும் இடையில் வரும். நானூறு சோதித்தால் 76க்கும் 84க்கும் இடையில் வரும். எண்ணிக்கை கூடக்கூடத் தற்செயலின் கை ஓங்காது.

முடிவை எவ்வாறு பயன்படுத்துவது? 80 வீதமும் அதற்கு மேலும் என்றால் வழக்கமான அளவில் விதைக்கலாம். ஏக்கருக்கு 2 புசல் விதைப்பவர், முளைதிறன் 60 வீதமாயின் 2ஐ 80ஆல் பெருக்கி 60ஆல் பிரிக்க வேண்டும். விடை ஏறக்குறைய 2¾ புசல். பாதிக்குப் பாதியும் முளைக்காவிட்டால் அதை விதைநெல்லாகக் கொள்ளாதிருப்பதே நல்லது. முளைத்தவையும் வலுக்குன்றியே வளரும். களைகள் அவற்றை முந்திவிடும். ஈரத்துணி விதைக்குச் சொகுசான இடம் என்பதையும் மறக்கவேண்டாம். வயலில் முளைப்பது எப்போதும் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

புதிதாக அறுவடை செய்த நெல் சில இனங்களில் உறங்குநிலையில் இருக்கும். அது முளைக்காவிட்டால் உடனே கைவிடாமல் சில வாரம் சென்றபின் மீண்டும் சோதியுங்கள். சேமிக்கும் விதையை நன்றாகக் காயவிடுங்கள். விதையின் ஈரப்பதன் 1 வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஹரிங்ரன் என்ற அமெரிக்க விதை அறிஞர் வகுத்த பொதுவிதி.

2. ஒரு வயலுக்குள் பல வயல்

இனி வயலுக்கு வருவோம். புதிய இன நெல்லை மேட்டு வயலிலும் பழைய இனத்தைப் பள்ள வயலிலும் விதைத்து, எது கூட விளைந்தது என்று பார்ப்பது எமது வழக்கம். இந்த ஒப்பீட்டில் வென்றது விதையா, நிலமா என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் என்ற இடத்தில் 1843 முதல் இன்றுவரை தொடரும் கோதுமைப் பரிசோதனை வயலொன்று உண்டு. அந்த நிலையத்தைச் சேர்ந்த மேர்சர், ஹோல் என்ற இருவர், ஒரே விதையும் ஒரே பராமரிப்பும் பெற்ற ஓர் ஏக்கர் கோதுமையை 500 சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறுத்து நிறுத்தார்கள். முடிவு 1911இல் வெளிவந்தது. ஒரு துண்டில் 2¾ இறாத்தல் தானியம். இன்னொன்றில் 5 இறாத்தலுக்கும் மேல். விதை ஒன்று, பசளை ஒன்று, கை ஒன்று. அப்படியிருந்தும் விளைச்சல் ஏறக்குறைய இருமடங்கு வேறுபட்டது.

எங்கள் வயலிலும் இதுவே உண்மை. முன்பு மாட்டுப்பட்டி இருந்த இடம், கறையான் புற்று இருந்த இடம், வாய்க்கால் வாய், மர நிழல் ஒவ்வொன்றும் விளைச்சலை மாற்றும். நெடுங்காலம் கைவிடப்பட்ட காணியில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம்.

3. மூன்று விதிகள்

1919இல் ரொதம்ஸ்ரெட்டில் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் பிஷர் என்ற கணித அறிஞர் இச்சிக்கலுக்கு வழி கண்டார். 1935இல் அவர் வெளியிட்ட பரிசோதனை அமைப்புப் பற்றிய நூல் உயிரியல் ஆராய்ச்சி முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று. மருந்துகளைச் சோதிப்பதும் இன்று இதே விதிகளின்படிதான்.

முதலாவது, பலமுறை செய்தல். ஒரு துண்டு விளைந்தது ஒரு சாட்சி மட்டுமே. குறைந்தது நான்கு சாட்சிகளாவது வேண்டும்.

இரண்டாவது, அருகருகே ஒப்பிடுதல். மேட்டு நிலத்தை மேட்டு நிலத்தோடும், பள்ளத்தைப் பள்ளத்தோடும் ஒப்பிட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் சேர்ந்து ஒரு சோடி.

மூன்றாவது, திருவுளச்சீட்டு. எந்தத் துண்டுக்கு எந்த விதை என்பதை நாம் தெரிவு செய்தால், எம்மை அறியாமலே விரும்பிய விதைக்கு நல்ல துண்டைக் கொடுத்துவிடுவோம். சீட்டுக்கு விருப்பு வெறுப்பு இல்லை.

4. ஒரு பரப்புக் காணியில்

5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட எட்டுத் துண்டுகளை அளந்து நான்கு சோடிகளாக்குங்கள். ஒரு பரப்புக்குள் இவை அடங்கும். ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனியாகச் சீட்டுப் போடுங்கள். பசளையை ஒப்பிடுவதாயின் துண்டுகளுக்கிடையே உறுதியான வரம்பு கட்டவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு பசளையும் அடுத்த துண்டுக்குப் போய்விடும்.

ஒப்பிடும் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். விதைக்கும் நாள், தண்ணீர், களையெடுப்பு அனைத்தும் ஒரே அளவு. விதையையும் பசளையையும் ஒரேயடியாக மாற்றினால் எதனால் விளைந்தது என்று சொல்ல முடியாது. துண்டுகளுக்கு இலக்கம் மட்டும் எழுதிய தடி நடுங்கள். எதில் எது என்ற விபரம் கொப்பியில் இருக்கட்டும். நிறுப்பவருக்கு அது தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. மழை, பூச்சி, நோய், மாடு புகுந்த நாள் எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். அறுவடையின்போது சுற்றிவர அரை மீற்றர் ஓரத்தை ஒதுக்கி, நடுவிலுள்ள 12 சதுர மீற்றரை மட்டும் வெட்டி, தூற்றி, ஒரேயளவாகக் காயவிட்டு நிறுங்கள்.

5. முடிவைப் படித்தல்

கணக்கைப் பழகுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நான்கு சோடிகளிலும் புதிய இனம் முறையே 5.1, 4.4, 5.6, 3.9 கிலோ, பழைய இனம் 4.6, 4.1, 5.0, 3.5 கிலோ எனக் கொள்வோம். வித்தியாசம் 0.5, 0.3, 0.6, 0.4. சராசரி 0.45 கிலோ. ஏக்கருக்கு இது ஏறக்குறைய 152 கிலோ, அதாவது 7 புசலுக்குச் சற்று அதிகம். நான்காம் சோடியின் புதிய இனத்தை (3.9) முதலாம் சோடியின் பழைய இனத்தோடு (4.6) மட்டும் ஒப்பிட்டிருந்தால் பழையதே சிறந்தது என்று முடிவு கட்டியிருப்போம். சோடியாக ஒப்பிடுவதன் பயன் இதுவே.

வித்தியாசம் ஒரு சோடியில் கூடியும் மற்றதில் குறைந்தும் வந்தால் அவசரப்படக்கூடாது. நாலும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் எச்சரிக்கை வேண்டும். நாணயத்தை நான்கு தரம் சுண்டினால் நான்கும் தலையாக விழ 16இல் ஒரு வாய்ப்பு உண்டு. எட்டுத் தரமும் தலையாக விழ 256இல் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே அயற் குடும்பங்கள் சேர்ந்து செய்வது நல்லது. நான்கு குடும்பங்கள் தத்தம் வயலில் இரண்டு சோடி வீதம் வைத்தால் எட்டுச் சோடி கிடைக்கும். ஒருவர் மீதும் பாரம் விழாது. ஒரு காலபோகத்தோடு நில்லாமல் அடுத்ததிலும் பாருங்கள். மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மேலதிகமாகக் கிடைத்த 7 புசலின் விலை, அதற்காகச் செய்த மேலதிகச் செலவை மிஞ்சுகிறதா என்பதையும் கணக்குப் பாருங்கள்.

6. முழு வயலையும் பணயம் வைக்காதீர்

எமது நாட்டின் எச்-4 நெல் இனம் இந்த வழியிலேதான் பிறந்தது. முருங்கக்காயன் 302 என்ற உள்நாட்டு இனத்தையும் இந்தோனேசியாவின் மாஸ் இனத்தையும் பத்தலகொட நிலையத்தில் கலப்புச் செய்து, பல தலைமுறை தெரிந்தெடுத்துச் சோதித்த பின்னரே 1958இல் அது கமக்காரரிடம் வந்தது.

மறுபுறம் 2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோகம் தொடங்கிவிட்டது. அப்போக நெல் விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை கூடாதது என்று இதிலிருந்து முடிவு செய்ய வேண்டாம். சிறு துண்டில் படிப்படியாகச் சோதிக்க வேண்டிய மாற்றத்தை முழு நாட்டிலும் ஒரே போகத்தில் செய்ததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் கமக்காரக் குடும்பங்கள்.

ஒரு பரப்பில் பிழைத்தால் ஒரு பரப்பு நட்டம். முழு வயலிலும் பிழைத்தால் வருடத்தின் சோறு நட்டம். இழந்து இழந்து எழும்பிய குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாகவே ஈரச்சாக்கில் நானூறு நெல்லை அடுக்கிவிடுங்கள். விதை பழுதென்று தெரிந்தால் வேறு விதை தேட அப்போதுதான் நாள் இருக்கும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. கடந்த போகத்தில் உங்கள் விதைநெல் எங்கிருந்து கிடைத்தது? விதைக்குமுன் யாராவது அதைச் சோதித்தார்களா?

2. உங்கள் வயலில் எந்தெந்த இடங்கள் மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகின்றன? ஒரு படம் கீறிக் குறியுங்கள்.

3. வருகின்ற காலபோகத்தில் நீங்கள் ஒப்பிட விரும்பும் ஒரேயொரு விடயம் எது? எந்த அயற் குடும்பங்கள் உங்களோடு சேர்வார்கள்? கொப்பியை யார் பொறுப்பெடுப்பார்?