எண் ஒன்றுதான், பல் வேறு

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவிலிருக்கும் தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, கேஸ் ரெண்டு விரற்கடை தள்ளியே நிக்குது. எவ்வளவு சுத்திப் பார்த்தாலும் உள்ள போக மாட்டேங்குது." அவருடையது 1988ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி. அதிலிருந்த பூஜோ தயாரிப்பான பிஏ-10 கியர்பாக்ஸ் பழுதாகிவிட்டது. அந்த கியர்பாக்ஸ் சீக்கிரம் போகும் என்பது செரோக்கிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதிலுக்கு ஐசின் நிறுவனத்தின் ஏஎக்ஸ்-15 கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்திவிட்டார். மிச்சமிருந்தது ஒரே வேலை: கழற்றி வைத்திருந்த தன் வண்டியின் சொந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸை மறுபடி பின்னால் மாட்டுவது. நான் போனபோது கராஜ் தரையில் மல்லாந்து, கேஸை மார்பில் தாங்கிக்கொண்டு, அதன் பின்பக்கத் தண்டை மெல்லத் திருப்பிப் பல்லோடு பல் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக அதே வேலை.

கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் கொண்டுபோவது ட்ரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். அதைத்தான் ஸ்ப்ளைன் என்கிறோம். கேஸின் வாயிலிருக்கும் கியருக்கு உட்புறம் பல். ஒன்று மற்றொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கியர்பாக்ஸ் மாற்றுகிறவர்கள் என்ஜினோடு அது சேருமா, கிளட்ச் சேருமா என்று வாரக்கணக்கில் விசாரிக்கிறார்கள். பின்முனையை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த வேலைகளில் பாதிக்கு மேல் நின்றுபோனது அங்கேதான்.

நம்பிக்கை: என் வண்டியிலிருந்து கழற்றிய கேஸ்தானே, என் வண்டியில் ஏறாமல் எங்கே போகும்?

கேஸ் பேசுவது வண்டியோடு இல்லை, கியர்பாக்ஸோடு. பிஏ-10 கியர்பாக்ஸின் தண்டில் 21 பல். ஏஎக்ஸ்-15 தண்டில் 23. கேஸின் வாயிலும் அதே கணக்குதான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் வாசலிலேயே முட்டி நிற்கும். கேஸை இறக்கி அட்டைமேல் வைக்கச் சொன்னேன். 21க்கும் 23க்கும் வித்தியாசத்தைக் கண்ணால் சொல்லவே முடியாது. தம்பி வீட்டுச் சமையலறையிலிருந்து சப்பாத்தி மாவு ஓர் உருண்டை வாங்கி வந்தார். கியர் வாயைத் துணியால் துடைத்து, மாவை அழுத்தி, மெல்ல வெளியே எடுத்தோம். ஓரம் முழுக்க வரி வரியாக அச்சு விழுந்திருந்தது. ஒரு வரியில் ஊசியால் குத்தி அடையாளம் வைத்து எண்ணினார்: 21. கியர்பாக்ஸ் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு எண்ணினார்: 23. "ரெண்டு பல்லுக்கா அண்ணே ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன்?" என்றார்.

நம்பிக்கை: 231 என்றால் 231தான்.

தம்பியும் இதைத்தான் நம்பியிருந்தார். 231 என்பது ட்ரான்ஸ்ஃபர் கேஸ்களில் ஒரு குடும்பத்தின் பெயர். முதலில் வரும் 2, ஹை, லோ என்ற இரண்டு வேகங்களைக் குறிக்கிறது. நடுவிலிருக்கும் 3 வலுவின் படிநிலை. கடைசி 1, பகுதிநேர நான்கு சக்கர ஓட்டம் என்ற வகை. பல் எத்தனை, வாய்க் கியர் எவ்வளவு நீளம், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எந்தப் பக்கம் என்பதில் எதையும் இந்த எண் சொல்வதில்லை. இதே 231 ஜீப்பிலும் வந்தது, ஷெவர்லேயிலும் வந்தது, டாட்ஜிலும் வந்தது. ஷெவர்லேயின் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் வந்ததில் 27 பல். மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி வந்து ஜீப் தண்டின்முன் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணுக்கு முன்னால் என்பி என்றும் என்வி என்றும் போட்டிருப்பதைப் பார்த்து இரண்டும் வேறு வேறு என்று குழம்பவேண்டாம். நியூ ப்ராசஸ் கியர் தயாரித்துவந்த கேஸுக்கு, 1990இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நியூ வென்ச்சர் கியர் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியபின் எழுத்து மாறியது. அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஆண்டைச் சொன்னால் போதும்.

இது பாதி உண்மை, அதனாலேயே அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். 4.0 லிட்டர் என்ஜினோடு வந்த ஏடபிள்யூ4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் 1990 மாடல் வரை 21 பல், 1991இலிருந்து 23. இதைக் கேட்டுவிட்டு "91க்கு அப்புறம் எல்லாம் 23" என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஆனால் நான்கு சிலிண்டர் 2.5 லிட்டர் என்ஜினோடு வந்த ஏஎக்ஸ்-5 கியர்பாக்ஸில் 91க்குப் பிறகும் 21 பல்தான். பழைய வண்டி உடைக்கும் யார்டில் ஒரு 1994 செரோக்கியைக் கண்டு கேஸை மட்டும் கழற்றி வந்தால், அது எந்த என்ஜினுக்குப் பின்னால் இருந்தது என்பதைப் பொறுத்தே உங்கள் அதிர்ஷ்டம்.

1989 இன்னும் சிக்கல். அந்த மாடல் ஆண்டின் நடுவில்தான் பிஏ-10 போய் ஏஎக்ஸ்-15 வந்தது. ஒரே ஆண்டு, ஒரே வண்டி, இரண்டு விதம். வண்டிக்கு அடியில் தலையை நீட்டி கியர்பாக்ஸின் இணைப்புக் கோட்டைப் பாருங்கள். பிஏ-10 முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்து சேர்த்ததுபோல் இருக்கும். ஏஎக்ஸ்-15இல் இணைப்புக் கோடு குறுக்கே ஓடும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

கேஸின் பின்பாதியில் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். மாடல் எண், அசெம்பிளி எண், லோ விகிதம் எல்லாம் அதில் உண்டு. வரிசை எண்ணே தயாரித்த தேதியும்கூட: 8-10-91 என்றிருந்தால் 1991 ஆகஸ்ட் 10, அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில். தகடு இருந்தால் நல்ல சாட்சி. ஆனால் முப்பது ஆண்டுகளில் யாராவது உள்ளே திறந்து வாய்க் கியரை மாற்றியிருந்தால் அதைத் தகடு சொல்லாது. மாவு சொல்லும்.

நம்பிக்கை: ஆறு ஸ்டட்டும் துளையில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

ஆறு துளை வட்டம் இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கும் பொது. பல்லும் சரியாக இருந்தபின் பார்க்கவேண்டியது வாய்க் கியரின் மூக்கு கேஸுக்கு வெளியே எவ்வளவு நீள்கிறது என்பது. குட்டையாக இருந்தால் தண்டைப் பிடிக்கும் பல்லின் நீளம் குறைந்து, பாரம் ஏறும்போது அந்தக் கொஞ்சம் பல்லே எல்லாவற்றையும் தாங்கும். நீளமாக இருந்தால் கியர்பாக்ஸின் பின்முனையில் கேஸ் உட்காரும் அடாப்டருக்குள் முட்டி, கேஸ் முகத்துக்கும் அடாப்டர் முகத்துக்கும் நடுவே இடைவெளி விடும். அப்போது பலர் செய்யும் காரியம்தான் எனக்குப் பயம்: நட்டை இறுக்கி கேஸை இழுக்கிறார்கள். கேஸ் அலுமினிய வார்ப்பு. காது விரிசல் விடும், அல்லது பேரிங் ஓடும்போது எரியும். சரியான கேஸ் கையால் தள்ளினாலே முகத்தோடு முகம் ஒட்டவேண்டும். ஒட்டவில்லையென்றால் ரென்ச்சைக் கீழே வையுங்கள், ஸ்கேலை எடுங்கள்.

அடாப்டர் வேறு வகை வண்டியிலிருந்து வந்திருந்தால் துளைகள் கொஞ்சம் சுழன்றும் இருக்கலாம். அப்போது கேஸ் சாய்ந்து நிற்கும், முன் ஷாஃப்டின் கோணமும் லீவர் கம்பியும் கெடும்.

லோ விகிதம் கியர்பாக்ஸோடு பொருந்தவேண்டும் என்று சிலர் தேடி அலைவது வீண். 231இல் 2.72, அதற்கு முந்தைய 207இல் 2.61, எந்த கியர்பாக்ஸும் அதைக் கண்டுகொள்ளாது. ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவேண்டியது முன் அச்சின் விகிதமும் பின் அச்சின் விகிதமும்தான்.

242 என்ற அண்ணன் கேஸைப் பற்றியும் கேட்கிறார்கள், அதற்கு கம்ப்யூட்டர் வேண்டுமாமே என்று. வேண்டாம், அது முழுக்க இயந்திரம்தான். நடுவே ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதால் காய்ந்த சாலையிலும் நான்கு சக்கரத்தில் ஓட்டலாம். 231இல் அப்படி ஓட்டினால் திருப்பத்தில் இறுகும். பாதி பனியும் பாதி தாருமாகக் கிடக்கும் எங்கள் மிச்சிகன் சாலைக்கு நான் 242ஐத்தான் விரும்புவேன். ஆனால் அது 231ஐவிட நீளம், ஷாஃப்ட் அளவுகள் மாறும், லீவர் அமைப்பும் மாறும்.

தம்பிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, தன் கேஸைத் திறந்து 23 பல் வாய்க் கியரைப் போடுவது. அந்தக் கியர் உள்ளே பிளானட்டரி பற்களோடு ஓடுவதால் இரண்டையும் ஒரே கேஸிலிருந்து ஜோடியாக எடுப்பதே பத்திரம். இன்னொன்று, 23 பல் கேஸையே தேடுவது. அடுத்த வாரம் யார்டில் ஒரு 1993 செரோக்கி கிடைத்தது, 4.0 லிட்டர், ஆட்டோமேட்டிக். மாவு உருண்டையோடுதான் போனோம். 23. மூக்கின் நீளத்தையும் அளந்து, அடாப்டரின் ஆழத்தோடு சரிபார்த்தோம்.

ஒன்றை மறக்க இருந்தார். 1991 வரை வந்த பல செரோக்கிகளின் முன் அச்சில் ஒரு பக்கத் தண்டை வெற்றிடத்தால் இயங்கும் அமைப்புதான் சேர்க்கும், பிரிக்கும். அதற்கான சுவிட்ச் கேஸில் இருக்கிறது. அது இல்லாத பிந்தைய கேஸை அப்படியே மாட்டினால் லீவர் நகரும், முன் ஷாஃப்டும் சுழலும், முன் சக்கரங்களுக்கு மட்டும் இழுவை வராது. பழைய கேஸின் சுவிட்சையும், ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டும் பகுதியையும் புதிய கேஸுக்கு மாற்றினார். பிறகு மறுபடி மல்லாந்து படுத்து, கேஸை மார்பில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். முகம் முகத்தோடு ஒட்டியது. ஆறு நட்டையும் விரலாலேயே திருகிவிட்டுத்தான் ரென்ச் கேட்டார்.