பள்ளியும் பள்ளிக்கூடமும்: இஸ்லாமியக் குழந்தைகளின் ஒரு நாளை அறிவோம்

"பள்ளிக்குப் போய் ஓதிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருகிறேன்" என்று ஒரு குழந்தை சொன்னால் அதில் எந்தக் குழப்பமும் இல்லை. தமிழ் இஸ்லாமியர்களின் பேச்சுவழக்கில் 'பள்ளி' என்பது பள்ளிவாசல். 'ஓதுதல்' என்பது குர்ஆனை முறைப்படி வாசிக்கப் பழகுதல். நம் வருகைப்பதிவேட்டில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் அந்தக் குழந்தையின் நாள், உண்மையில் விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 42 இலட்சம் இஸ்லாமியர்கள் வாழ்கிறார்கள். மாநில மக்கள்தொகையில் இது 5.86 விழுக்காடு. இராமநாதபுரம், திருநெல்வேலி, வேலூர் போன்ற பகுதிகளில் வகுப்பில் பாதிப்பேராகவும், வேறு சில ஊர்களில் வகுப்புக்கு ஒருவராகவும் இக்குழந்தைகள் நம்மிடம் படிக்கிறார்கள். இவர்களும் ஒரே வார்ப்பில் வந்தவர்கள் அல்லர். கடற்கரை ஊர்களின் மரைக்காயர், உள்நாட்டு ஊர்களின் ராவுத்தர், லெப்பை, உருது பேசும் தக்கனிக் குடும்பங்கள் என வழக்கங்களும் வீட்டு மொழியும் வேறுபடும்.

குழந்தையின் வளர்ச்சியை அதன் சூழல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1979இல் விளக்கி எழுதியவர் உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர். ஆசிரியப் பயிற்சியில் நாம் படித்தவர்தான். வீடு, பள்ளி, வழிபாட்டிடம் ஆகிய ஒவ்வொன்றும் குழந்தையைப் பாதிக்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. இந்தச் சூழல்களுக்கு இடையே உள்ள தொடர்பும் குழந்தையின் வளர்ச்சியை முடிவு செய்கிறது என்றார். இஸ்லாமியக் குழந்தைகளைப் பொறுத்தவரை நமக்கு மிகவும் பயன்படும் கருத்து இதுதான். வீடும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தால், மூன்றின் சுமையும் குழந்தையின் தோளில் விழுகிறது.

ஓதப் போகும் குழந்தை

பல ஊர்களில் குழந்தைகள் ஐந்து வயது வாக்கில் மக்தப் மதரஸாவில் சேர்கிறார்கள். அதிகாலைத் தொழுகைக்குப் பின்போ, மாலையிலோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கே அமர்ந்து ஓதுகிறார்கள். முழுநேர மதரஸா என்பது வேறு. இஸ்லாமியக் குழந்தைகள் பெரும்பாலும் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்ற எண்ணம் தவறானது என்பதை 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை தெளிவுபடுத்தியது. பள்ளி வயதில் முழுநேர மதரஸாவில் படிப்போர் மூன்று, நான்கு விழுக்காட்டைத் தாண்டவில்லை. மற்றவர்கள் நம்மைப் போன்றோரின் வகுப்புகளில்தான் இருக்கிறார்கள்.

பிற்பகல் வகுப்பில் ஒரு குழந்தை தொடர்ந்து கண் அயர்ந்தால், 'ஆர்வமில்லை' என்று முடிவு கட்டுமுன், "காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்?" என்று கேட்டுப் பார்க்கலாம். மாலையில் ஓதிவிட்டு இரவு எட்டு மணிக்குமேல் வீட்டுப்பாடத்தைத் தொடும் குழந்தைக்கு, வகுப்பிலேயே கால் மணி நேரம் ஒதுக்கித் தரலாம். தேர்வு மாதங்களில் ஓதும் நேரத்தைச் சற்று மாற்றித் தரும்படி உஸ்தாதிடம் தலைமையாசிரியர் நேரில் பேசலாம். பெரும்பாலும் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதுதான் தடை.

ஓதுதல் தரும் திறன்களையும் நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அரபு எழுத்தும் தொண்டையில், நாவில், பல்லில், இதழில் எங்கே பிறக்கிறது என்பதை அக்குழந்தைகள் பயிற்சியாகக் கற்கிறார்கள். எழுத்துகளின் பிறப்பு பற்றிய இலக்கணப் பாடத்தைத் தொடங்கும்போது, "நீங்கள் ஓதும்போது இதை எப்படிப் பழகினீர்கள்?" என்று கேட்டால் பாடம் அவர்களிடமிருந்தே தொடங்கும். நினைவாற்றல், ஓசை நயத்தோடு வாசித்தல், மூத்தோர் முன் அமர்ந்து கேட்டல் ஆகியவையும் அங்கிருந்து வருபவைதாம். வலமிருந்து இடமாக எழுதும் எழுத்தைச் சேர்த்துக் கற்கும் முதல் வகுப்புக் குழந்தை ஏட்டைப் பின்பக்கமாகத் திறந்தால், அதைக் கற்றல் குறைபாடு என்று உடனே எண்ணிவிடக் கூடாது.

நோன்பு மாதம்

இஸ்லாமிய ஆண்டு பிறையைக் கொண்டு கணக்கிடப்படுவது. 354 அல்லது 355 நாள்களைக் கொண்டது. அதனால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்து, பதினோரு நாள்கள் முன்னதாக வருகிறது. 2025, 2026 ஆண்டுகளில் அது பொதுத்தேர்வுக் காலத்தோடு இணைந்து வந்தது. 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமலான் தொடங்கும். கணக்கு, சமூக அறிவியல் வகுப்புகளுக்கு இதைவிட நல்ல செயல்பாடு கிடைக்காது.

பருவமடையாத குழந்தைகளுக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. பின்னர் ஈடு செய்துகொள்ளலாம். ஆனாலும் சிறு குழந்தைகள் ஆசையோடு நோன்பு வைப்பார்கள். 'நீ எத்தனை நோன்பு?' என்று போட்டியும் போடுவார்கள். அது அவர்களுக்குப் பெருமிதம். அதைக் கேலி செய்யவும் வேண்டாம். கட்டாயப்படுத்தி உண்ண வைக்கவும் வேண்டாம். நோன்பாளிக் குழந்தைக்குப் பசியைவிடத் தூக்கக் குறைவே பெரிய சிக்கல். இரவுத் தொழுகை முடிந்து தாமதமாக உறங்கி, சஹர் உணவுக்காக விடியலுக்கு முன்பே எழுந்திருப்பார்கள். கடினமான பாடங்களைக் காலையில் வைப்பதும், உடற்கல்வி வேளையில் நிழலில் அமர்ந்து செய்யும் வேலையைக் கொடுப்பதும், மதிய உணவு வேளையில் நூலகத்தைத் திறந்து வைப்பதும் நம்மால் முடிந்தவை. தலைசுற்றல், வாந்தி இருந்தால் தயங்காமல் வீட்டுக்குத் தெரிவித்து நோன்பை முடிக்கச் செய்யலாம். மார்க்கமே அதற்கு இடம் தருகிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மாதவிடாய் நாள்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. "நேற்று நோன்பு என்றாயே, இன்று ஏன் இல்லை?" என்று வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்கும் சாதாரணக் கேள்வி, எட்டாம் வகுப்பு மாணவியைத் தலைகுனிய வைத்துவிடும். யார் நோன்பு, யார் இல்லை என்று வகுப்பில் கணக்கெடுக்கவே வேண்டாம்.

வீடும் உறவும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் குழந்தை தந்தையை 'வாப்பா' என்றும், மதுரை, தேனிப் பக்கம் 'அத்தா' என்றும் அழைக்கும். தாய் 'உம்மா'. அண்ணனைக் 'காக்கா' என்றும் அக்காளை 'லாத்தா' என்றும் அழைக்கும் வீடுகள் பல. முதல் வகுப்பில் காக்கைப் படத்தைக் காட்டும்போது ஒரு குழந்தை தன் அண்ணனைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பை ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்பதில் இருக்கிறது, அக்குழந்தை தன் வீட்டுச் சொல்லை மீண்டும் வகுப்பில் பேசுமா என்பது. 'எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வோம்' என்று எல்லாக் குழந்தைகளின் உறவுச் சொற்களையும் கரும்பலகையில் எழுதினால் கேலி பாடமாகிவிடும்.

வளைகுடா நாடுகளிலோ பிற ஊர்களிலோ தந்தை வேலை பார்க்கும் குடும்பங்கள் பல. வாப்பாவைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்து வளரும் குழந்தை, அவர் விடுமுறையில் வந்து திரும்பிய வாரத்தில் மௌனமாகவோ முரண்டு பிடித்தோ இருக்கலாம். மதிப்பெண் குறைந்ததை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. இத்தகைய வீடுகளில் முடிவெடுப்பவர் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். பெற்றோர் கூட்டத்தை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை வேளையில் வைக்காமலும், பெண்கள் தயக்கமின்றி வரக்கூடிய நேரத்திலும் வைத்தால் வருகை கூடும்.

பெண் குழந்தையின் படிப்பு

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இது. எட்டாம் அல்லது பத்தாம் வகுப்புக்குப் பின் சில மாணவிகள் மெல்ல வராமலாகிறார்கள். 'அவர்கள் மதம் அப்படி' என்று நாம் கைவிட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். அறிவைத் தேடுவது கடமை என்பது இஸ்லாமியக் குடும்பங்கள் சிறுவயது முதல் கேட்டு வளரும் போதனை. குர்ஆனில் முதலில் அருளப்பட்டதாகக் கொள்ளப்படும் வசனங்களே வாசிப்பையும் எழுதுகோலையும் பற்றியவை. படிப்பு நிற்பதற்குப் பின்னால் பெரும்பாலும் தொலைவு, பேருந்து, பாதுகாப்பு பற்றிய அச்சம், பணம், திருமண அவசரம் ஆகியவை இருக்கின்றன. இவை மற்றச் சமூகங்களிலும் உள்ளவையே.

ஆகவே வீட்டில் மார்க்க விவாதம் செய்ய வேண்டாம். அதைப் பேசுவதற்கு ஜமாஅத்தில் படிப்பை மதிக்கும் பெரியவர்களும் ஆலிமாக்களும் இருக்கிறார்கள். அவர்களைத் துணைக்கு அழைக்கலாம். நாம் நடைமுறைக்கான விடைகளோடு செல்வோம்: அருகில் எந்தப் பள்ளி, எந்தப் பேருந்து, உடன் வரும் தோழிகள் யார், உயர்கல்வியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு என்ன தேவை என்பன போன்றவை. சென்னையில் 1955இல் தொடங்கிய நீதியரசர் பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி, கீழக்கரையில் 1988இல் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி ஆகியவை சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்தவை. 1989இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி பற்றிப் பேசலாம். பதினெட்டு வயதுக்கு முன் திருமணப் பேச்சு என்று தெரிந்தால், எந்தச் சமூகத்துக் குழந்தையானாலும் 1098 எண்ணுக்குத் தெரிவிப்பது நம் கடமை.

ஆண் குழந்தைகளையும் மறக்க வேண்டாம். பத்தாம் வகுப்போடு கடைக்கோ வெளிநாட்டுக்கோ செல்லும் வழி அவர்கள் முன் எப்போதும் திறந்தே கிடக்கிறது. தொழிற்கல்வி, பட்டயப் படிப்பு பற்றி ஒன்பதாம் வகுப்பிலேயே பேச வேண்டியது அவர்களிடம்தான்.

ஒரு சொல்லின் வலி

எங்கோ ஒரு குண்டுவெடிப்போ போரோ செய்தியானால், மறுநாள் விளையாட்டுத் திடலில் 'உங்க ஆளுங்க', 'உங்க நாடு' என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. பிறந்த மண்ணிலேயே அந்நியமாக உணரும் குழந்தையால் கற்றலில் மனம் ஒன்ற முடியாது. அதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாமல், அன்றே, சொன்ன குழந்தையிடமும் கேட்ட குழந்தையிடமும் தனித்தனியே பேச வேண்டும். 'உங்கள் மதத்தில் ஏன் இப்படி?' என்று ஒரு குழந்தையை அதன் சமூகத்தின் பேச்சாளராக நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் நடந்ததை அப்துல் கலாம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்கிறார். கோயில் குருக்களின் மகனான தன் நண்பனருகே அமர்ந்திருந்த அவரைப் புதிதாக வந்த ஆசிரியர் பின் வரிசைக்கு மாற்றினார். நண்பனின் தந்தை இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, குழந்தைகள் மனத்தில் வேற்றுமையை விதைக்காதீர்கள் என்று எடுத்துச் சொன்னார். ஆசிரியரும் மனம் மாறினார். அங்கே ஒரு குழந்தையைக் காத்தது, வகுப்பறைக்கு வெளியே இருந்த பெரியவர்கள் பள்ளிக்கூடத்தோடு பேசத் தயங்காததுதான்.

நாம் தொடங்கக்கூடியவை

ஆண்டின் முதல் மாதத்தில் ஒவ்வொரு குழந்தையின் நாளையும் ஒரு தாளில் எழுதச் செய்யலாம்: எழும் நேரம், ஓதும் நேரம், உடன் இருப்போர், படிக்கும் நேரம். எல்லாக் குழந்தைகளுமே எழுத வேண்டும். யாரையும் தனித்துக் காட்டத் தேவையில்லை. ஆண்டுவிழாவில் நடனத்தில் சேர வீட்டார் தயங்கினால், தொகுத்து வழங்குதல், ஓவிய அரங்கு, நாடகப் பின்னணி என்று வேறு பொறுப்பு கொடுக்கலாம். பருவத்துக்கு ஒருமுறை உஸ்தாதையும் ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கு அழைத்து, வராமல் நின்ற குழந்தைகளின் பெயர்களைச் சேர்ந்து பார்க்கலாம். நோன்பு திறக்கும் மாலைக்கு அழைப்பு வந்தால் போய் ஒரு குவளை நோன்புக் கஞ்சி குடித்து வரலாம்.

பள்ளிவாசலிலும் வீட்டிலும் அக்குழந்தையை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நாம் பேசத் தொடங்கினால், அதிகாலையில் எழுந்து வரும் அந்தக் குழந்தை மூன்று இடங்களுக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படிக்க மட்டும் வந்தால் போதும்.