சர்வர் அறையும் அதன் டிஜிட்டல் இரட்டையும்

சர்வர் அறையின் இயந்திரங்கள் உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தை அகற்றவும் மின்சாரம் செலவாகிறது. சர்வருக்குள் புகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. எனினும், இயந்திரம் பழுதுறுமோ என்னும் அச்சத்தால் பல அறைகள் தேவைக்கு மேல் குளிர்விக்கப்படுகின்றன.

இயங்கும் சர்வர்களின்மீது சோதனை நடத்துதல் தகாது. இதற்குத் துணைபுரிவதே டிஜிட்டல் இரட்டை. அறையின் அளவு, அடுக்குகளின் அமைப்பு, காற்றோட்டம், மின்சுமை ஆகியவற்றைக் கொண்டு கணிப்பொறியில் அமைக்கப்படும் மாதிரி இது. உணர்கருவிகள் அனுப்பும் அளவுகளால் இது இடைவிடாது புதுப்பிக்கப்படும்.

அடுக்கின் பின்புறம் வெளியேறும் வெப்பக்காற்று எவ்விடைவெளி வழியே முன்புறம் திரும்புகிறது என்பதை மாதிரி காட்டும். அவ்விடைவெளியைத் தகட்டால் அடைத்து, குளிர்காற்றை 20 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு உயர்த்தினால் எந்த அடுக்கு வரம்பை மீறும் என்பதை முதலில் மாதிரியில் காணலாம். பின்னர் அறையில் படிப்படியாகச் செய்யலாம்.

அறையின் மொத்த மின்செலவை இயந்திரங்களின் மின்செலவால் வகுத்தால் பயன் விளங்கும். 150 யூனிட்டில் 100 யூனிட் இயந்திரங்களுக்கெனில் விகிதம் 1.5, அது 1-ஐ நெருங்குவதே நன்று.

உணர்கருவி பிழைபட்டால் இரட்டையும் பிழைபடும். ஆகவே களப்பணியாளர் அதனை நம்பகமான வெப்பமானியோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது.