கட்ச் பெண்களின் பூத்தையல்

குஜராத் மாநிலத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ளது கட்ச். பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாவட்டம் அதுவே. வடக்கே உப்புப் பாலை, தெற்கே கடல். மழை பொய்ப்பது அங்குப் புதிதன்று. 1969ஆம் ஆண்டின் கடும் வறட்சியில், தானேட்டி என்னும் சிற்றூர் மக்களுக்கு இலவச உணவு வழங்கப்பட்டது. மும்பையிலிருந்து அங்குத் தொண்டாற்றச் சென்றார் சந்தா ஷ்ராஃப் என்னும் அம்மையார்.

உழைத்து உண்டு பழகிய அம்மக்களுக்கு இலவச உணவைப் பெற மனம் கூசிற்று. வேலை கிடைத்தால் போதும் என்றனர். வறண்ட நிலத்தில் என்ன வேலை தருவது? அம்மையாரின் பார்வை அப்பெண்கள் உடுத்தியிருந்த ஆடைகள்மீது சென்றது. பாவாடையிலும் இரவிக்கையிலும் மயிலும் மலரும் வண்ண நூலால் தைக்கப்பட்டிருந்தன. இடையிடையே சிறு கண்ணாடிகள் மின்னின. 'எம்பிராய்டரி' என்று பலரும் வழங்கும் பூத்தையல் அது. விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று, மணமகள் எடுத்துச் செல்லும் சீராகத் தாயும் மகளும் தைத்தது.

அம்மையார் புடவைகளை வாங்கி அப்பெண்களிடம் தந்தார். அவர்கள் பூத்தையலிட்ட புடவைகள் மும்பையில் விலைபோயின. இவ்வாறு பிறந்ததே 'ஸ்ருஜன்' என்னும் அமைப்பு. படைத்தல் என்பது அதன் பொருள். தமிழில் நாம் வழங்கும் 'சிருஷ்டி' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததாகும்.

கட்ச் பூத்தையல் ஒரு வகையன்று. ஒவ்வொரு சமூகத்திற்கும் தனி மரபு உண்டு. அவற்றுள் 'சூஃப்' என்பது வியப்புக்குரியது. துணியில் படம் வரைந்துகொள்வதில்லை. பின்புறமிருந்து இழைகளை எண்ணியெண்ணி ஊசியைச் செலுத்துவர். முன்புறத்தில் முக்கோணங்கள் வரிசையாக உருப்பெறும். ஓர் இழை பிசகினாலும் அடுத்து வரும் வரிசை கோணிவிடும். பிரித்துத்தான் மீண்டும் தைக்க வேண்டும்! இக்கணக்கைச் சிறுமியர் ஏட்டைப் பார்த்துக் கற்கவில்லை. தாயின் அருகில் அமர்ந்து, அவள் விரல்களைப் பார்த்தே கற்றனர்.

பூத்தையல் எப்போதும் மகிழ்ச்சியே தந்தது என்று எண்ணிவிடலாகாது. தேபரியா ரபாரி சமூகத்தில், சீருக்குரிய ஆடைகளைத் தைத்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதனால் மணமகள் கணவன் வீடு செல்வதும் தள்ளிப்போயிற்று. எனவே 1995இல் அச்சமூகத்தார் தம் பயன்பாட்டிற்குப் பூத்தையல் செய்வதையே தடைசெய்தனர். பெண்கள் பிறருக்காகத் தைத்தனர். தாம் உடுத்த இயலவில்லை.

இன்னோர் இடரும் நேர்ந்தது. வறுமையால் பலர் பழைய ஆடைகளை வணிகரிடம் விற்றனர். பாட்டி தைத்த துணி வீட்டை விட்டுப் போனபின், பேத்தி எதைப் பார்த்துக் கற்பாள்? இதற்கு ஸ்ருஜன் ஒரு வழி கண்டது. கைதேர்ந்த பெண்கள் தத்தம் மரபில் துணிப்பலகங்களைத் தைத்தனர். அவை ஆயிரத்திற்கும் மேலாயின. அவற்றை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். தம் முன்னோரின் வேலைப்பாட்டை இளம்பெண்கள் கண்ணாரக் கண்டனர். தெரிந்தவரிடம் கேட்டுக் கற்றனர். விற்றுத் தந்த பணத்தினும் இவ்வண்டியே பேருதவி எனலாம். இப்பணிக்காக அம்மையார் 2006இல் ரோலக்ஸ் விருது பெற்றார்.

2016இல் புஜ் நகருக்கு அருகிலுள்ள அஜ்ரக்பூரில் இக்கலைகளுக்கென அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. வண்டியேறிச் சுற்றிய துணிப்பலகங்களை இன்று அங்கே காணலாம்.

சொல்லும் பொருளும்
கூசிற்று – வெட்கப்பட்டது
பிசகினால் – தவறினால்
இடர் – துன்பம்

சிந்தித்து எழுதுக
1. தானேட்டி மக்கள் இலவச உணவைப் பெறத் தயங்கியது ஏன்?
2. தேபரியா ரபாரி சமூகத்தார் விதித்த தடை சரியானதா? உம் கருத்தை எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவர் அறிந்த கைவேலையைப் பற்றி அவரிடம் கேட்டு, அவர் கூறும் சொற்களிலேயே ஐந்து வரிகள் எழுதுக.