எஸ்சிட்டலோபிராம் தூக்க மாத்திரை அல்ல

“மனசுக்கு மாத்திரை போட ஆரம்பிச்சா அவ்வளவுதான், சாகுற வரைக்கும் விட முடியாது. எல்லாம் தூக்க மாத்திரைதான்.” மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இதைச் சொல்பவர் நோயாளி அல்லர். அவருக்குப் பேசவே தெம்பிருக்காது. கூட வந்த சித்தப்பாவோ மாமியாரோதான் சொல்வார்கள். பத்தாம் நாள் மாத்திரையை எடுத்து ஒளித்து வைப்பவர்களும் அவர்களே.

மாத்திரையை நிறுத்த அந்தப் பத்தாம் நாள்தான் மிக மோசமான நாள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூஆக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் தொடங்கிய முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பு வரும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முழுதாகத் தெரிய இன்னும் சில வாரம் பிடிக்கும். தொந்தரவை எல்லாம் அனுபவித்துவிட்டு, பலன் வரும் நேரத்தில் நிறுத்தினால், “மாத்திரை போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை” என்ற பேச்சுதான் மிஞ்சும். அந்தப் பேச்சு அடுத்த தெருவில் இன்னொருவரின் மாத்திரையையும் நிறுத்திவிடும்.

தூக்க மாத்திரை என்று ஊர் சொல்வது அல்பிரசோலாம், டயசிபாம், குளோனசெபாம் வகை. இவை வேறு குடும்பம். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பதற்றம் தணியும். நாள்பட்டால் அதே அளவு போதாமல் போகும், கூடுதலாகக் கேட்கும். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், கை நடுங்கும், வலிப்பே வரலாம். பழக்கமாகும் என்ற பயம் இவற்றின் விஷயத்தில் நியாயமானது. 2014 மார்ச் முதல் அல்பிரசோலாம், டயசிபாம் போன்றவை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருந்துக் கடை தனிப் பதிவேடு வைத்து, நோயாளியின் பெயர், மருத்துவர் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை எழுத வேண்டும் என்பது சட்டம்.

எஸ்சிட்டலோபிராமுக்கு அந்தப் பழக்கமாக்கும் குணம் கிடையாது. போட்டவுடன் எந்தச் சுகமும் தராது. இன்னும் வேண்டும் என்ற வெறியை உண்டாக்காது. அப்படியானால் வதந்தி எங்கிருந்து முளைத்தது? இதில் எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது. முதல் சில வாரங்கள் தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு மருத்துவர் இரண்டையும் சேர்த்து எழுதுவார்: எஸ்சிட்டலோபிராம் மாதக்கணக்கில், குளோனசெபாம் கொஞ்ச நாளைக்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த ஒரே மாத்திரையும் நம் நாட்டில் பல பிராண்டுகளில் தாராளமாக விற்கிறது. எது எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. நோயாளி பழைய சீட்டையே காட்டி ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாங்கிப் போடுகிறார். நிறுத்தும்போது தூக்கம் போகிறது, உடம்பு நடுங்குகிறது. பெரும்பாலும் குளோனசெபாமால் வந்த இந்தப் பழி முழுவதும் “மனசு மாத்திரை”யின் தலையில் விழுகிறது.

மனச்சோர்வு மருந்தையும் சட்டென்று நிறுத்தினால் தொந்தரவு வரும்; அதை மறைக்க வேண்டியதில்லை. தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் ஷாக் அடித்தாற்போன்ற உணர்வு. 2024இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த தொகுப்பாய்வு இதை அளந்து பார்த்தது. மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு தொந்தரவு வந்தது. ஆனால், மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு வந்தது! கடுமையான தொந்தரவு சுமார் 35 பேரில் ஒருவருக்கு. பரோக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றில் இது அதிகம். உடம்பில் வெகுநாள் தங்கும் ஃபுளூஆக்ஸெடினில் குறைவு. மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடலாம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தினாலும் நெஞ்சு படபடக்கும். அதற்காகத் தாத்தாவை யாரும் மாத்திரைக்கு அடிமை என்று சொல்வதில்லையே!

“சாகுற வரைக்கும்” என்பதும் பொய். முதல் முறை மனச்சோர்வு வந்தவர் குணமான பின்பு வழக்கமாக 6 முதல் 12 மாதம் தொடர்ந்தால் போதும். திரும்பத் திரும்ப வருபவருக்குத்தான் வருடக் கணக்கு. குணமான பிறகும் ஏன் தொடர வேண்டும் என்றால், 2003இல் 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 41 விழுக்காட்டினருக்கு. நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்துவது எவ்வளவு பெரிய விபரீதம் என்று இதிலிருந்தே தெரியும்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. மாத்திரை வெறும் நம்பிக்கை என்பார்கள். 2018இல் 21 மருந்துகள், 522 ஆய்வுகள், 1,16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஒப்பிட்டபோது, 21 மருந்துகளுமே போலி மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. வித்தியாசம் பிரம்மாண்டமானதல்ல, ஆனால் இருக்கிறது. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றலாம்.

மனச்சோர்வு என்றாலே மாத்திரைதான் என்பதும் தவறு. லேசான சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மருந்து வேண்டாம் என்றே பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறேழு அமர்வுகள் பேசியே கடுமையான சோர்வைக் கூடக் குறைத்ததாக 2017இல் ஆய்வு வந்தது. ஆனால் சாப்பாடு இறங்காமல், எழுந்திருக்க முடியாமல், சாவைப் பற்றியே நினைத்துக் கிடப்பவரிடம் போய் “மனசைத் தைரியமா வச்சுக்கோ” என்று சொல்லிக்கொண்டிருப்பது கொடுமை. கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமையே கிடையாது.

உண்மையாகவே கவனிக்க வேண்டியவற்றைப் பற்றி ஊர் வாயே திறப்பதில்லை. 25 வயதுக்குட்பட்டோருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும். கூடினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முன்பு எப்போதாவது காரணமில்லாத அதீத உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள் இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தாம்பத்திய ஆர்வம் குறையலாம். கூச்சப்படாமல் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றை எஸ்சிட்டலோபிராம் வகை மருந்தோடு சேர்த்துப் போட்டால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் ஆபத்து கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரையும் அந்த வகை மருந்தோடு ஒத்துப்போகாது. வலி மாத்திரை வாங்கும்போது, ஏற்கெனவே என்ன போடுகிறீர்கள் என்பதைக் கடையில் சொல்லுங்கள்.

என் ஆத்திரமெல்லாம் அட்டையைக் கத்தரித்து, பெயர் தெரியாத துண்டைக் காகிதக் கவரில் போட்டு நீட்டும் பழக்கத்தின் மேல்தான். “வெள்ளை ராத்திரிக்கு, மஞ்சள் காலைல” என்று சொல்லி அனுப்பினால் வதந்தி முளைக்காமல் என்ன செய்யும்? தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அந்தப் பையில் மனச்சோர்வு மருந்துக்கும் உறுதியான இடம் வேண்டும். பஸ் காசில்லாமல் ஒரு வாரம் மருந்து விட்டுப்போய்த் தலைசுற்றி விழுந்தவரைத்தானே ஊர் அடிமை என்கிறது? மருந்து கொடுக்கும் ஒவ்வொருவரும் கவரின் மேல் தமிழில் மூன்று வரி எழுத வேண்டும்: மருந்தின் பெயர், எதற்காக, எத்தனை நாளைக்கு. எழுதாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். எழுதித் தரும்வரை நகராமல் நில்லுங்கள்.