வைத்தியசாலைக் கிருமியும் எமது வீட்டு மருந்துப் பையும்



இது நாம் எமது சிகிச்சை நிலையத்தில் பல தடவை கேட்ட கதை. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்குச் சலம் கழிக்கும்போது எரிவு. கொழும்பிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த 'சிப்ரோ' குளிசையில் மிச்சம் வீட்டில் இருக்கிறது. ஐந்து நாள் போடுகிறார், எரிவு நிற்கிறது. இரண்டு கிழமையின் பின் வயிற்றோட்டம். "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வெறுந்தேத்தண்ணியில் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு வயிற்றோட்டத்தை நிறுத்தக் கடையில் ஒரு குளிசை வாங்குகிறார்கள். எம்மிடம் வரும்போது காய்ச்சல், ஊதிய வயிறு, வற்றிய உடல். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புகிறோம்.

இக்கிருமி எது?

சி. டிஃபிசில் என்ற பற்றீரியா. 1935இல் பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால் 'கடினமானது' என்று பொருள்படும் இப்பெயர் வந்தது. அன்ரிபயோற்றிக் மருந்து எடுத்தவர்களுக்கு வரும் கடும் குடல் அழற்சிக்கு இதுவே முக்கிய காரணம் என்பது 1978இல் தெளிவாகியது.

எமது குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் வாழ்கின்றன. அன்ரிபயோற்றிக் நோய்க் கிருமியுடன் சேர்த்து இவற்றையும் அழித்துவிடுகிறது. வெறுமையான அந்த இடத்தில் சி. டிஃபிசில் பெருகி, குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் நச்சுப் பொருட்களைச் சுரக்கிறது. முதியவர்களும் வைத்தியசாலையில் நீண்ட நாள் தங்குபவர்களுமே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

இனம் ஒன்று, வகை பல

கறுத்தக்கொழும்பானும் மாம்பழம், அம்பலவியும் மாம்பழம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கிருமிகளும் இப்படித்தான். ஒரே இனத்துக்குள் பல வகைகள் உண்டு. அவற்றை மரபணுவைக் கொண்டு பிரித்தறிகிறார்கள்.

2003, 2004ஆம் ஆண்டுகளில் கியூபெக் மாகாண வைத்தியசாலைகளில் இந்நோய் திடீரென்று பெருகியது. ஷேர்புரூக் பகுதியில் 65 வயதைத் தாண்டியவர்களில் 1991இல் ஒரு இலட்சம் பேருக்கு 102 ஆக இருந்த நோய், 2003இல் 866 ஆக உயர்ந்தது. காரணம் 'நாப்-1' அல்லது '027' எனப்படும் வகை. ஆய்வுகூடத்தில் இது ஏனைய வகைகளைவிட ஒரு நச்சை 16 மடங்கும் இன்னொன்றை 23 மடங்கும் கூடுதலாகச் சுரந்ததென 2005இல் அறிவித்தார்கள்.

எமது ஒன்ராறியோவும் தப்பவில்லை. பேர்லிங்ரன் நகர வைத்தியசாலையொன்றில் 2006 மே முதல் 2007 டிசம்பர் வரை இக்கிருமி தொற்றிய 91 பேர் இறந்தார்கள். 2008 செப்ரெம்பர் முதல் மாகாண வைத்தியசாலைகள் தமது தொற்று விபரங்களைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது.

இவ்வகை எப்படிப் பரவியது? எப்படித் தணிந்தது?

027 புதிய கிருமியல்ல. 1985இல் பாரிஸில் ஒரு நோயாளியிடம் காணப்பட்டது; பின்னர் அரிதாகவே இருந்தது. சிப்ரோ குடும்ப மருந்துகள் எங்கும் தாராளமாக எழுதப்பட்ட காலத்தில், அவற்றுக்கு அடங்காத தன்மையை இவ்வகை பெற்றுக்கொண்டது. மற்றக் கிருமிகள் மருந்தால் மடிய, இது மட்டும் நின்று பெருகியது.

இங்கிலாந்தில் 2006இன் பின் இந்நோய் ஏறத்தாழ 80 வீதம் குறைந்தது. சுத்தம் பேணியது மட்டுமே காரணமென்றால் எல்லா வகைகளும் ஒரே அளவில் குறைந்திருக்க வேண்டும். ஆனால் பெரிதும் குறைந்தவை சிப்ரோ குடும்பத்துக்கு அடங்காத வகைகளே என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மருந்துகளைக் கட்டுப்படுத்தியதே முக்கிய காரணம் என்பது அதன் முடிவு. கனடாவிலும் இன்று 027 முன்னரைவிடக் குறைந்துள்ளது. ஆனால் வேறு வகைகள் இருக்கின்றன, நோய் ஒழியவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. மிச்சக் குளிசைகளை வைத்திருக்காதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள். மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

2. தடிமன், சாதாரண இருமலுக்கு அன்ரிபயோற்றிக் கேட்காதீர்கள். அவை வைரசால் வருபவை.

3. அன்ரிபயோற்றிக் எடுக்கும்போதோ, எடுத்து முடித்து இரண்டு மூன்று மாதத்துக்குள்ளோ ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வயிற்றோட்டம் போனால் வைத்தியரிடம் சொல்லுங்கள். எடுத்த மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, இரத்தம் இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

4. வைத்தியரைக் கேளாமல் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை எடுக்காதீர்கள்.

5. இக்கிருமியின் வித்துக்கள் கட்டிற் கம்பியிலும் மலசலகூடத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாசலில் வைத்திருக்கும் அற்ககோல் திரவம் அவற்றைக் கொல்லாது. நோயாளியைப் பார்த்துவிட்டு வரும்போது சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

இந்நோய்க்கு வாயால் எடுக்கும் வன்கோமைசின் போன்ற நல்ல மருந்துகள் உண்டு. ஆயினும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது திரும்பி வருகிறது. ஆகவே குணமானபின்னும் கவனம் தேவை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளி வற்புறுத்தும்போது தேவையில்லாத அன்ரிபயோற்றிக்கை எழுதிக் கொடுத்த நாட்கள் வைத்தியர்களாகிய எமக்கும் உண்டு. அது உபகாரமல்ல என்று இப்போது அறிவோம். மருந்துத் தடை இருந்த 1990களில் வடக்கில் ஒரு குளிசையைப் பொன்போல் பொத்தி வைத்த மக்கள் நாம். அந்தப் பழக்கம் விமானம் ஏறி எம்முடன் இங்கும் வந்துவிட்டது. அன்று அது உயிரைக் காத்தது. இன்று அதே பொத்தி வைத்த குளிசை எமது அம்மாவின், அப்பாவின் உயிருக்கு உலை வைக்கலாம். இன்றே உங்கள் மருந்துப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள்.