இரண்டு வேலை பார்த்த ஆபிரகாம் பண்டிதர்

மாசி மகத் தீர்த்தவாரிக்கு மறுநாள். ஏழாம் வகுப்பில் விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் தலை சாய்த்து உறங்கிவிட்டான். எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன்.

"ராத்திரி என்னடா செஞ்ச?"

"வைத்திக்குப்பத்துல சாமிக்கு மேளம் சார். அப்பா தவில், நான் தாளம்."

சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். தந்தையின் தொழில்: பெயின்டர். "தவில் வாசிப்பார்னு ஏன் எழுதல?" என்று கேட்டேன். "அது வேலை இல்லையே சார்" என்றான்.

அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சம்பளம் தருவது மட்டும்தான் வேலை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த வாரம் அவனுக்காகத் தயாரித்த பாடத்தையே இங்குப் பகிர்கிறேன்.

பண்டிதரின் வாழ்வு

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்ட் 2 அன்று, இன்றைய தென்காசி மாவட்டத்தின் சாம்பவர்வடகரையில் பிறந்தார். நம்மைப் போலவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர். திண்டுக்கல்லில் பயின்று அங்கேயே ஆசிரியராக இருந்தபோது வயலின் கற்றார். பின்னர் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியரானார். அவர் துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் அதே பள்ளியில் பணியாற்றினார்.

பிறகு ஆசிரியப் பணியை விட்டுச் சித்த மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். அவருடைய சஞ்சீவி மாத்திரைகள் கடல் கடந்தும் விற்பனையாயின. தஞ்சைக்கு வெளியே அவர் உருவாக்கிய மூலிகைத் தோட்டத்தை மக்கள் 'பண்டிதர் தோட்டம்' என்றே அழைத்தார்கள். மருத்துவமும் வேளாண்மையும் குடும்பத்தைக் காத்தன. இசை ஆய்வுக்கும் பொருள் தந்தன.

1912இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். வித்துவான்களை அழைத்துத் தம் செலவிலேயே இசை மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை எடுத்துரைத்தார். அவர் மகள்கள் அதை இசைத்துக் காட்டினார்கள். 1917இல் அவருடைய பெருநூல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த நூலை அச்சிடத் தாமே அச்சகமும் வைத்திருந்தார். 1919 ஆகஸ்ட் 31 அன்று மறைந்தார்.

ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்பது வழிவழி வந்த கருத்து. அதைச் சமமான 12 சுரங்களாகவும் 24 சுருதிகளாகவும் பகுக்க வேண்டும் என்பது பண்டிதரின் கட்சி. சிலப்பதிகாரத்திலிருந்து சான்று காட்டினார். கணக்கும் போட்டுக் காட்டினார். எல்லாரும் அதை ஏற்கவில்லை. ஆனால், மாத்திரை செய்து விற்ற ஒருவரை 'இது உன் வேலை இல்லை' என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

வகுப்பறைச் செயல்பாடு: கம்பியில் விகிதம்

தேவையானவை: ஒரு மரப்பலகை, மெல்லிய இரும்புக் கம்பி, இரண்டு திருகாணிகள், இரண்டு சிறு மரக்கட்டைகள், பென்சில், அளவுகோல்.

கட்டைகளை 60 செ.மீ. இடைவெளியில் வைத்து, அவற்றின் மேல் கம்பியை இழுத்துக் கட்டவும். முழுக் கம்பியை மீட்டினால் வரும் ஒலியை 'ச' எனக் கொள்வோம். பென்சிலைக் கம்பிக்கு அடியில் நகர்த்தி, குறித்த நீளத்தை மட்டும் மீட்ட வேண்டும்.

30 செ.மீ.: விகிதம் 2:1, மேல் ச.
40 செ.மீ.: விகிதம் 3:2, ப.
48 செ.மீ.: விகிதம் 5:4, க (அந்தர காந்தாரம்).

அடுத்து சமப் பகுப்பு. 60ஐ 1.0595ஆல் மீண்டும் மீண்டும் வகுக்கச் சொல்லவும். பன்னிரண்டாம் முறையில் ஏறத்தாழ 30 வரும். ஏழாம் முறையில் ஏறத்தாழ 40 வரும். அதாவது 'ப' இரண்டு கணக்கிலும் அநேகமாக ஒன்றே. நான்காம் முறையில் வருவது 47.6, விகிதக் கணக்கில் வந்ததோ 48. இந்த 4 மில்லிமீட்டர் வேறுபாட்டை மாணவர்கள் அளவுகோலில் பார்க்கலாம், காதாலும் கேட்கலாம். இரண்டில் எது இனிமை என்று வாக்கெடுப்பு நடத்துங்கள். அறிஞர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள் என்பது தானாகவே விளங்கும்.

எங்கள் வகுப்பில் நடந்தது

'ப' எங்கே வரும் என்று அளக்காமல் கண்டுபிடிக்கச் சொன்னேன். தாளம் போடும் அந்த மாணவன் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நகர்த்தினான்; ஓரிடத்தில் நிறுத்தினான். அளவுகோல் வைத்துப் பார்த்தோம். 40ஐ ஒட்டியே இருந்தது. வகுப்பே கைதட்டியது.

அவன் தந்தையைப் பள்ளிக்கு அழைத்தேன். பகலில் வந்தால் ஒருநாள் கூலி போய்விடும் என்றார். மாலை நான்கு மணிக்கு மேல், கையில் பெயின்ட் கறையோடு வந்து அரை மணி நேரம் தாளக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பெற்றோரை நம் நேரத்துக்கு வரச்சொல்வது எத்தனை பேரை வெளியே நிறுத்துகிறது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்த தேர்வில் அவன் முதல் மதிப்பெண் வாங்கிவிடவில்லை. விகிதக் கணக்குகள் இரண்டைச் சரியாகப் போட்டிருந்தான். அதுவரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: பெற்றோரின் தொழிலைக் கேட்கும்போது, "வேறு என்ன தெரியும்?" என்றும் கேட்டு, நம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம்.

இரண்டு: தெருவில் ஒரு கலைஞரைச் சந்தித்து, அவர் பகலில் என்ன செய்கிறார், யாரிடம் கற்றார், எப்போது பயிற்சி செய்கிறார் என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லலாம். நம் புதுச்சேரியில் தொலைவு போக வேண்டாம். பாவேந்தர் பாரதிதாசனும் தமிழாசிரியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே பாட்டு எழுதியவர்தான்.

மூன்று: திருவிழாவுக்கு மறுநாள் உறங்கும் குழந்தையிடம் முதலில் காரணம் கேட்போம்.

கலை மட்டும் சோறு போடும் என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. பண்டிதருக்கே மாத்திரைதான் சோறு போட்டது. ஆனால் சோறு போடாததெல்லாம் வேலை இல்லை என்று அவர்கள் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.